எரர் 126 வந்தால் முதலில் ஃபைல் பாதையைப் பாருங்கள்

கம்பம், குமுளி பக்கம் ஏலக்காய்க் கடைகளில் கம்ப்யூட்டரை மாற்றிவிட்டுப் பழைய 32-பிட் பில்லிங் மென்பொருளை ஏற்றுபவர்களுக்கு இது உதவும். மென்பொருளை டேட்டாபேஸோடு இணைக்கும் ஓடிபிசி (ODBC) டிரைவர் ஏறாமல் 'சிஸ்டம் எரர் 126' என்று நின்றால், டிரைவரின் நிரல் இருக்கும் டிஎல்எல் (DLL) ஃபைலோ அதற்குத் தேவையான வேறொரு ஃபைலோ விண்டோஸுக்குக் கிடைக்கவில்லை என்று பொருள். சும்மா சும்மா ரீஸ்டார்ட் செய்து பயனில்லை.

விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஹெச்கீ லோக்கல் மெஷின் (HKEY_LOCAL_MACHINE), சாஃப்ட்வேர், வாவ்6432நோட் (WOW6432Node), ஓடிபிசி என்று போய், ஓடிபிசிஇன்ஸ்ட்.ஐஎன்ஐ-க்குள் (ODBCINST.INI) அந்த டிரைவரின் பெயரைத் திறங்கள். 'டிரைவர்', 'செட்டப்' என்ற இரண்டு வரிகளிலும் உள்ள பாதையை அப்படியே காப்பி செய்து எக்ஸ்ப்ளோரரில் ஒட்டிப் பாருங்கள். ஃபைல் அங்கே இல்லையா? அது இருக்கும் ஃபோல்டரைத் தேடிப் பாதையைத் திருத்துங்கள். அதற்கு முன் அந்தப் பகுதியை எக்ஸ்போர்ட் செய்து வைப்பது நல்லது, பின்னால் திட்டு வாங்க வேண்டாம்!

ஃபைல் இருந்தும் அதே எரர் என்றால், பெரும்பாலும் டிரைவர் ஓடத் தேவையான மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரன்டைம் இல்லாத கோளாறுதான். 32-பிட் டிரைவருக்கு எக்ஸ்86 (x86), அதாவது 32-பிட் ரன்டைமைத்தான் போட வேண்டும்.

அப்புறம், 64-பிட் விண்டோஸில், டிரைவர்களையும் இணைப்புகளையும் பார்க்க உதவும் 32-பிட் ஓடிபிசி அட்மினிஸ்ட்ரேட்டர் இருப்பது சிஸ்வாவ்64 (SysWOW64) ஃபோல்டரில். சிஸ்டம்32-இல் இருப்பது 64-பிட். யார் பெயர் வைத்தார்களோ!