பாஸ்கா இரவில் தூபக்கலசம் பிடிப்பது எப்படி?

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய பெரிய சனி இரவு வழிபாட்டில், பீடத்தில் உதவும் பீடச் சிறாருக்குக் கிடைக்கும் பொறுப்புகளில், சங்கிலியில் தொங்கும் தூபக்கலசமே கடினமானது. அன்றைய பவனியில் சிலுவையும் கிடையாது, கைத்திரிகளும் கிடையாது. பாஸ்கா திரி என்னும் பெரிய மெழுகுதிரிக்கு முன்னால் போவது தூபம் மட்டும்தான். கரி அணைந்துபோனால் மறைக்க வழியில்லை. அதனால் முதலில் கற்க வேண்டியது கரியின் நேரக்கணக்கு.

கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டப் பங்குகளின் இலத்தீன் முறைக்கு உரியவை இந்தக் குறிப்புகள். தக்கலையின் சீரோ மலபார் முறையிலும் மார்த்தாண்டத்தின் சீரோ மலங்கரை முறையிலும் ஒழுங்கு வேறு.

மாலையிலேயே எடுத்துவைக்க வேண்டியவை

தூபக்கலசம், சாம்பிராணிக் கிண்ணமும் கரண்டியும், நீளமான இடுக்கி, தீப்பெட்டி, ஒரு வாளி மணல், கரி. நம் ஊரில் சிரட்டைக்கரிக்குப் பஞ்சமில்லை. நின்று எரியும், பொறியும் குறைவு. ஆனால் முழுதாகக் கனிய 10 முதல் 15 நிமிடம் ஆகும். கடையில் வாங்கும் வட்டக்கரி சீக்கிரம் பற்றும். பற்றும்போது படபடவென்று பொறி தெறிக்கும் என்பதால் அதை முகத்தருகே பிடிக்காதீர்கள். ஈரம் ஏறிய கரி எதுவானாலும் பாதியில் அணையும். கடற்கரைப் பங்குகளில் கரியை மூடிய டப்பாவில்தான் வைக்க வேண்டும்.

சாம்பிராணிக் கட்டியை மிளகு அளவுக்கு உடையுங்கள். மாவாக இடித்தால் ஒரே மூச்சில் எரிந்துவிடும். பெரிய கட்டியாகப் போட்டால் உருகி வழிந்து கரியை மூடிவிடும்.

புதுத் தீயருகே

வழிபாட்டின் தொடக்கத்தில் கோயிலுக்கு வெளியே புதுத் தீ மூட்டியதுமே நான்கைந்து சிரட்டைக்கரித் துண்டுகளை அதன் ஓரத்தில் இடுங்கள். கதம்பையும் (தேங்காய் மட்டை) விறகும் வைத்து மூட்டும் தீயில் நடுவில் போட்டால் திரும்ப எடுக்க முடியாது. அருட்பணியாளர் தீயை மந்திரித்து, பாஸ்கா திரியில் சிலுவையும் அகரமும் னகரமும் ஆண்டின் எண்களும் வரைந்து, ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதிப்பதற்குள் கரி கனிந்திருக்கும். மேலே சாம்பல் பூத்து உள்ளே சிவந்திருந்தால் பதம் சரி. இடுக்கியால் எடுத்துக் கலசத்தில் வையுங்கள். கருப்பு மிச்சமிருக்கும்போது சாம்பிராணி போட்டால் கரி அணையும், மணமும் வராது.

அருட்பணியாளர் சாம்பிராணி போட வரும்போது மூடியை நன்றாக உயர்த்தி, சங்கிலிகளைக் கிண்ணத்துக்குச் சற்று மேலே சேர்த்துப் பிடித்து, அவர் மார்பு உயரத்துக்குக் கொண்டுபோங்கள். ஒரு தடவைக்கு அரைக் கரண்டி போதும்.

பவனியில்

‘கிறிஸ்துவின் ஒளி இதோ’ என்று மூன்று இடங்களில் பாடப்படும்: வாசல், கோயிலின் நடு, பீடத்தின் முன். பாடல் தொடங்கியதும் நின்றுவிட வேண்டும். கவனிக்காமல் நடந்தால் திரிக்கும் உங்களுக்கும் இடையே பெரிய இடைவெளி விழும். கோயில் இருட்டாக இருக்கும், இரண்டாம் நிறுத்தத்துக்குப் பிறகு எல்லார் கையிலும் திரி எரியும். அதனால் வீச்சைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். மூடியைக் கால் அங்குலம் தூக்கியே பிடித்தால் காற்றுப் புகுந்து கரி உயிரோடிருக்கும். முட்டம், குளச்சல் போன்ற இடங்களில் வெளியே கடற்காற்று வீசினால் மூடிவிடுங்கள். பாலியெஸ்டர் அங்கியில் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

திரியருகே பாடப்படும் பாஸ்கா புகழுரைக்கு முன் அந்தப் பாடல் உள்ள நூலுக்கும் திரிக்கும் தூபம் காட்டப்படும். அதோடு உங்களுக்கு நீண்ட இடைவெளி.

கரி மாற்றும் நேரம்

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. பங்கின் வசதிப்படி குறைக்கலாம், ஆனால் மூன்றுக்குக் குறையாது. செங்கடலைக் கடந்த விடுதலைப் பயணம் 14 எப்போதும் உண்டு. எத்தனை வாசிக்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்துத் தூபம் வேண்டியது நற்செய்திக்கு; முதல் கரி அதுவரை தாங்காது. கடைசிப் பழைய ஏற்பாட்டு வாசகம் தொடங்கும்போதே வெளியே போய்ப் புதுக் கரியைப் பற்றவையுங்கள். ‘உன்னதங்களிலே’ பாடி மணி ஒலிக்கும்போது பற்றவைத்தால் நற்செய்திக்குக் கனிவது சந்தேகம். இந்த இரவில் நற்செய்திக்குக் கைத்திரி ஏந்துவதில்லை, தூபம் மட்டுமே.

காணிக்கைக்கும், அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தும் எழுந்தேற்றத்துக்கும் அதே கரி பெரும்பாலும் போதும். ஒரு துண்டைக் கூடுதலாகக் கனிய வைத்திருங்கள்.

முடிந்த பிறகு

கரியை மணல் வாளியில் கொட்டுங்கள். ஓலைக் குப்பையிலோ பிளாஸ்டிக் வாளியிலோ கொட்டக் கூடாது. சாம்பலுக்குள் கனல் வெகுநேரம் கிடக்கும். கிண்ணத்தில் ஒட்டிய பிசினை வெந்நீரும் சோப்பும் போட்டு ஊறவைத்துத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து வையுங்கள். காலைத் திருப்பலிக்கு அதே கலசம் வேண்டும்.