அன்லெஸ்ஸா, அன்டிலா?

காட்பாடி ஜங்ஷனில் ரயில் தாமதம். பக்கத்தில் இருந்த கல்லூரித் தம்பி போனில், ‘வீ கான்ட் லீவ் அன்டில் தி ட்ரெயின் டஸ் நாட் கம்’ என்று தட்டிக்கொண்டிருந்தார். ‘ரயில் வராத வரைக்கும் கிளம்ப முடியாது’ என்று தமிழில் யோசித்ததால் வந்த வினை. ‘வராத’ என்பது தமிழுக்குச் சரி. ஆங்கிலத்தில் அந்த ‘நாட்’ வேண்டாம்; ‘அன்டில் தி ட்ரெயின் கம்ஸ்’ போதும்.

‘அன்டில்’ நேரத்தைச் சொல்லும்: ரயில் வரும், வந்ததும் கிளம்புவோம். ‘அன்லெஸ்’ நிபந்தனை: வந்தால்தான் உண்டு, வராமலே போகலாம். காட்பாடியில் சில நாள் இரண்டாவதுதான் பொருத்தம்! ‘இஃப் நாட்’ ஏற்கெனவே ‘அன்லெஸ்’ வயிற்றுக்குள் இருப்பதால், அதற்குப் பின்னாலும் ‘நாட்’ சேர்த்தால் அர்த்தம் தலைகீழாகிவிடும். சந்தேகமா? ‘-ஆவிட்டால்’ என்று மாற்றிப் பாருங்கள். ‘ரயில் வராவிட்டால் கிளம்ப முடியாது’ என்பதுதான் சொல்ல வந்தது என்றால் ‘அன்லெஸ்’ போடுங்கள்.

‘டில்’, ‘அன்டில்’ இரண்டுக்கும் பொருள் ஒன்றே. எழுத்தில்தான் வம்பு: முன்னதற்கு இரண்டு எல், பின்னதற்கு ஒன்று.