பூச்சு வேலைக்கு முன்: புது வீட்டுக்கு ஸ்மார்ட் வயரிங்கும் விளக்குகளும் திட்டமிடும் முறை

ஸ்மார்ட் வீடு என்றதும் பலரும் முதலில் விசாரிப்பது எந்த சுவிட்ச் நல்லது, எந்தச் செயலி எளிது என்பதைத்தான். வீடு இன்னும் செங்கல் நிலையில் இருக்கும்போது அந்தக் கேள்விக்கு அவசரமே இல்லை. சுவிட்சையும் பல்பையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பூச்சுக்குள் புதைந்துவிட்ட பைப்பையும் பாக்ஸையும் மாற்றச் சுவரை உடைக்க வேண்டும். எனவே, சுவர் மூடப்படும் முன் அதற்குள் என்னென்ன இருந்தாக வேண்டும் என்பதையே இங்கே வரிசையாகப் பார்க்கிறோம். இணைப்பு வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்பதை நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும்.

படி 1: வரைபடத்தில் நடமாட்டத்தைக் குறியுங்கள்

வீட்டின் தரைப்படத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு, முதலில் கதவுகள் எந்தப் பக்கம் திறக்கின்றன என்பதையும், கட்டில், அலமாரி, சோபா ஆகியவை எங்கே வரும் என்பதையும் வரைந்துகொள்ளுங்கள். பிறகு ஒவ்வோர் அறைக்குள்ளும் நுழைபவர் எந்த வாசல் வழியாக வருகிறார், எந்த இடத்தில் கை சுவிட்சைத் தேடும், எந்த வழியாக வெளியேறுவார் என்று பென்சிலால் கோடு இழுங்கள். திறந்த கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் சுவிட்ச் பாக்ஸ், அலமாரி மறைக்கும் பிளக் பாயின்ட் போன்ற குறைகள் இந்தக் கட்டத்தில் ரப்பரால் அழித்துத் திருத்தக்கூடியவை. திரைச்சீலைக்கு மோட்டார் வைக்கும் எண்ணம் பின்னாளில் வரக்கூடும் என்றால், சன்னலின் மேல் மூலையில் ஒரு பவர் பாயின்டையும் இப்போதே குறித்துவிடுங்கள்.

படி 2: ஒவ்வொரு சுவிட்ச் பாக்ஸுக்கும் நியூட்ரல்

இந்த விளக்கம் முழுவதிலும் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். சாதாரண சுவிட்ச், மின்சாரத்தைக் கொண்டு வரும் ஃபேஸ் வயரைத் துண்டித்து இணைப்பதோடு சரி. மின்சாரம் திரும்பிச் செல்லும் வயரான நியூட்ரல் அதற்குத் தேவையில்லை. அதனால் பழைய வழக்கப்படி நியூட்ரல் நேராக விளக்குக்குப் போய்விடும், சுவிட்ச் பாக்ஸை எட்டிப் பார்க்காது. ஸ்மார்ட் சுவிட்சுக்குள்ளோ ஒரு சிறு மின்னணுச் சுற்று இருக்கிறது. விளக்கு அணைந்திருக்கும் நேரத்திலும் அது விழித்திருந்து கட்டளையைக் கேட்க வேண்டும். அதற்குத் தொடர்ந்து மின்சாரம் வேண்டும். நியூட்ரல் இல்லாமல் இயங்கும் சுவிட்சுகளும் கிடைக்கின்றன. ஆனால் அவை தங்களுக்கான சிறிதளவு மின்னோட்டத்தை விளக்கின் வழியாகவே எடுத்துக்கொள்கின்றன. அந்தக் காலத்துக் குண்டு பல்புக்கு அது பொருட்டே இல்லை. ஆறு, ஏழு வாட் எல்இடி பல்போ அந்தச் சிறு ஓட்டத்திலேயே மங்கலாக எரியும் அல்லது விட்டுவிட்டு மினுக்கும்.

இதோடு சேர்ந்த இன்னொரு விதியும் உண்டு. ஒரு பாக்ஸுக்கு வரும் நியூட்ரல், அங்குள்ள ஃபேஸ் எந்த சர்க்யூட்டைச் சேர்ந்ததோ அதே சர்க்யூட்டிலிருந்து வர வேண்டும். பக்கத்தில் இருக்கிறதே என்று வேறொரு சர்க்யூட்டின் நியூட்ரலை இரவல் வாங்கினால், இரண்டும் தனித்தனிக் கசிவுப் பாதுகாப்பு பிரேக்கர்களின் (மின்சாரம் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் கருவிகளின்) கீழ் இருக்கும்போது, காரணம் புரியாமல் பிரேக்கர் விழுந்துகொண்டே இருக்கும். பழுது பார்ப்பவருக்கும் அது ஆபத்து.

மாடிப்படி விளக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு சுவிட்சுகள் இருந்தாலும் ஸ்மார்ட் மாட்யூல் (சுவிட்சை ஸ்மார்ட்டாக்கும் சிறு மின்னணுப் பெட்டி) பொதுவாக ஒரு முனையில் இருந்தால் போதும். மறுமுனையில் உள்ள சாதாரண சுவிட்சிலிருந்து கட்டளை மட்டும் இந்த மாட்யூலுக்கு வந்து சேரும். எனவே இரு பாக்ஸுகளுக்கும் இடையே வழக்கமான வயர்களோடு நியூட்ரலையும் உதிரியாக ஒரு வயரையும் இழுத்து வைத்தால், பின்னாளில் எந்த வகை மாட்யூல் வாங்கினாலும் எந்த முனையிலும் பொருத்திக்கொள்ளலாம்.

படி 3: ஆழமான பாக்ஸ், தாராளமான பைப்

சுவிட்சின் பின்னால் மாட்யூலும் வயர்களும் நெருக்கியடிக்காமல் உட்கார வேண்டும். சுவரின் கனம் இடம் கொடுத்தால் சுமார் 50 மி.மீ. ஆழமுள்ள பாக்ஸே நல்லது. பைப் விஷயத்திலும் சிக்கனம் வேண்டாம். முக்கிய வழித்தடங்களில் 25 மி.மீ. கண்டூயிட் (வயர் செல்லும் பைப்) போட்டு, அதன் உட்பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்கு மேல் வயர் நிரம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிவி சுவர், நுழைவாயில், மொட்டை மாடி ஆகிய இடங்களுக்கு வெற்றுப் பைப்பும் அதற்குள் ஓர் இழுகயிறும் விட்டு வைப்பது, இன்று பெயர் தெரியாத ஏதோ ஒரு கருவிக்கு வழி திறந்து வைப்பதாகும். கூரைத் தளத்துக்குள் போகும் பைப்புகளைக் காங்கிரீட் போடும் முன்பே இட வேண்டும் என்பதால், எங்கெங்கே பைப் வேண்டும் என்ற பட்டியல் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் தயாராக இருக்க வேண்டும்.

படி 4: கம்பியில்லா வீட்டுக்கும் கம்பி வேண்டும்

வைஃபை இருக்கும்போது கேபிள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. காங்கிரீட் சுவர் அலைகளைப் பலவீனப்படுத்தும். ஒரே ரவுட்டர் இரண்டு மாடிகளுக்குப் போதாமல் போகலாம். வீட்டின் நடுவான ஓரிடத்தை நெட்வொர்க் மையமாகத் தேர்ந்து, அங்கிருந்து ஒவ்வொரு மாடியின் கூரைக்கும், டிவி, வேலை மேசை, கேமரா ஆகியவற்றுக்கும் கேட் 6 எனப்படும் நெட்வொர்க் கேபிளைத் தனித்தனியாக இழுங்கள். ஒரு கேபிளின் ஓட்டம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். வீடுகளில் அது பெரும்பாலும் சிக்கலாவதில்லை. கேமராவும் கூரை வைஃபை பெட்டியும் இதே கேபிள் வழியாக மின்சாரத்தையும் பெறக்கூடியவை. மின் வயரும் நெட்வொர்க் கேபிளும் ஒரே பைப்பில் போகவே கூடாது. குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். ரவுட்டரை உலோகப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் அலை வெளியே வராது.

ஸ்மார்ட் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறைகளான சிக்பீ, த்ரெட், வைஃபை, 2022 அக்டோபரில் முதல் பதிப்பு வெளியான மேட்டர் என்று எதைத் தேர்ந்தாலும் மேலே சொன்ன வயரிங் பொருந்தும். கேஎன்எக்ஸ் போன்ற கம்பிவழி முறை மட்டும் விதிவிலக்கு. அதில் சுவிட்சுகளுக்கு மெல்லிய கட்டளைக் கேபிளும், விளக்குகளிலிருந்து மின் விநியோகப் பெட்டிவரை நேரடி வயர்களும் போகும் என்பதால், அந்த முடிவை முதல் பைப் இடுவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும்.

படி 5: விளக்குகள்

நிறத்தை அறையின் பயன்பாடு தீர்மானிக்கட்டும். படுக்கையறைக்கும் கூடத்துக்கும் 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான இதமான ஒளி. சமையல் மேடைக்கும் படிக்கும் மேசைக்கும் 4000 கெல்வின். கண்ணாடி முன்னும் சமையலறையிலும் நிறங்களை உள்ளபடி காட்டும் திறன் (பெட்டியில் சிஆர்ஐ என்று குறிக்கப்படும்) 90க்கு மேல் உள்ள விளக்கை வாங்குங்கள். கூரை முழுக்கச் சதுரங்கக் கட்டம்போல் டவுன்லைட் (கீழ்நோக்கி ஒளி வீசும் சிறு விளக்கு) பதிக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. சுவரை ஒட்டி விழும் ஒளியும் மேசைக்கான தனி ஒளியும் இருந்தால் குறைந்த விளக்குகளே போதும். பொது ஒளி, வேலை ஒளி, அலங்கார ஒளி மூன்றையும் தனித்தனி வயரில் பிரித்தால்தான் பின்னர் தனித்தனியாக இயக்க முடியும்.

சுவிட்ச் ஸ்மார்ட்டாக இருக்க வேண்டுமா, பல்பா என்று கேட்டால், என் தேர்வு சுவிட்ச். ஸ்மார்ட் பல்பு வைத்த அறையில் யாராவது சுவரிலுள்ள சாதாரண சுவிட்சை அணைத்துவிட்டால், பல்புக்கு மின்சாரமே இல்லை. செயலியில் எத்தனை முறை தட்டினாலும் பதில் வராது. இன்டர்நெட் இல்லாத நாளிலும், வீட்டுக்கு வந்த விருந்தினர் கையாலும் விளக்கு எரிய வேண்டும்.

ஒளியைக் கூட்டிக் குறைக்க விரும்பினால், டிம் செய்யத்தக்கது என்று குறிப்பிட்ட விளக்கையும் எல்இடிக்கு உரிய டிம்மரையும் சேர்த்தே வாங்கி, ஒன்றை மட்டும் முதலில் சோதியுங்கள். விளக்கு டிம்மரில் மின்விசிறியை இணைக்கக் கூடாது. நீளமான எல்இடி ஸ்ட்ரிப்புக்கு 12 வோல்ட்டைவிட 24 வோல்ட் ஏற்றது. மீட்டருக்கு 10 வாட் வீதம் 5 மீட்டர் என்றால் மொத்தம் 50 வாட். 12 வோல்ட்டில் 4 ஆம்பியருக்கு மேல் ஓடும் மின்னோட்டம் 24 வோல்ட்டில் 2 ஆம்பியரைச் சற்றே தாண்டும். ஓட்டம் பாதியானால் அதே வயரில் வீணாகும் மின்திறன் கால்பங்காகும். ஸ்ட்ரிப்பின் கடைசி முனை மங்குவதும் குறையும். இதற்கு 60 வாட் டிரைவர் (ஸ்ட்ரிப்புக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) வைத்து, அதைக் கை எட்டும், காற்றுப் புகும் இடத்தில் பொருத்துங்கள்.

அசைவு உணரும் சென்சார், தன்னை நோக்கி வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரை எளிதில் கண்டுகொள்ளும். ஏசி காற்றும் நேர் வெயிலும் படாத மூலையில் அதை வையுங்கள்.

படி 6: மூடுவதற்கு முன்

மின் விநியோகப் பெட்டியில் சில இடங்களைக் காலியாக விட்டு, 30 மில்லி ஆம்பியர் கசிவுப் பாதுகாப்பையும் மின்னல் அதிர்வுப் பாதுகாப்பையும் கேளுங்கள். நெட்வொர்க் மையத்துக்கு யுபிஎஸ் வசதியுள்ள ஒரு பாயின்ட் கொடுங்கள். பிறகு ஒவ்வொரு சுவரிலும் அளவு நாடாவை விரித்துப் பிடித்து, பைப் போகும் பாதை தெரியும்படி படம் எடுத்து அறையின் பெயரோடு சேமித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வயரின் இரு முனைகளிலும் ஒரே எண்ணை ஒட்டச் சொல்லி, கேபிள்களைக் கருவி வைத்துச் சோதித்த பின்னரே பூச்சு வேலைக்கு ஆள் அழையுங்கள்.