ரீயூனியனில் புகலிடம் கேட்டு வருபவர்களை வரவேற்பது எப்படி? புதிய தொண்டர்களுக்கான செய்முறை

2018, 2019ஆம் ஆண்டுகளில் இலங்கையர்களை ஏற்றிய மீன்பிடிப் படகுகள் அடுத்தடுத்து இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவின் கரைக்கு வந்தன. 2022இல் மறுபடியும் வந்தன. அவற்றில் சில, 2021 அக்டோபரில் 89 ஈழத்தமிழர் போய்ச் சேர்ந்த தியேகோ கார்சியா தீவிலிருந்து வந்தவை. ரீயூனியனில் தமிழ் வம்சாவளியினர் ஏராளம். கோயில் உண்டு, காவடி உண்டு, தீமிதி உண்டு. ஆனால் தமிழில் சரளமாகப் பேசக்கூடியவர்கள் குறைவு. அதனால் உங்களுக்குத் தமிழ் பேச வந்தால், எந்தத் தொண்டு அமைப்பும் உங்களை உடனே அழைத்துக்கொள்ளும். அழைப்பு வருவதற்கு முன்பு படித்து வைத்துக்கொள்ள வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

படி 1: தனியாகப் போகாதீர்கள், பணம் வாங்காதீர்கள்

முதலில் ஓர் அமைப்பில் சேருங்கள். வந்திறங்குபவர்களைப் பெரும்பாலும் காத்திருப்பு வலயத்தில், அதாவது நாட்டுக்குள் விடலாமா என்று முடிவாகும்வரை அடைத்து வைக்கும் இடத்தில், வைப்பார்கள். அங்கே சிமாட், அனாஃபே போன்ற அனுமதி பெற்ற அமைப்புகளின் ஆட்கள்தான் உள்ளே போகலாம். கேட்டுக்கு வெளியே சாப்பாட்டுப் பாத்திரத்தோடு நின்று பயனில்லை.

"உதவினால் போலீஸ் பிடிக்குமா?" என்று பலர் கேட்கிறார்கள். நாட்டுக்குள் ஆட்களைக் கொண்டுவந்து சேர்ப்பது குற்றம்தான். ஆனால் வந்துவிட்டவருக்குக் கைம்மாறு கருதாமல் சோறும் துணியும் ஆலோசனையும் கொடுப்பது குற்றமில்லை. 2018 ஜூலை 6 அன்று பிரான்சின் அரசியலமைப்பு மன்றம் சகோதரத்துவத்தை ஓர் அரசியலமைப்புக் கோட்பாடாக ஏற்றது. அதே ஆண்டில் சட்டமும் திருத்தப்பட்டது. எனவே மொழிபெயர்த்ததற்கு ஐந்து யூரோ நீட்டினாலும் வாங்கக் கூடாது. "பெற்றோலுக்கு மட்டும்" என்று சொன்னாலும் கூடாது.

படி 2: முதல் நாள்

குளிக்க இடம், மாற்றுத் துணி, செருப்பு, வீட்டுக்குப் பேச ஒரு போன். நிறையச் சீனி போட்ட பிளேன்ரீ. மத்தியானம் சோறு, பருப்பு, முருங்கைக்கீரைச் சுண்டல் போதும். கீரை இங்கே சந்தையிலேயே கிடைக்கும். அன்றைக்குக் கேள்வி எதுவும் கேட்காதீர்கள். ஏன் வந்தீர்கள், எவ்வளவு காசு கொடுத்தீர்கள், படகை யார் ஓட்டியது, எதுவுமே வேண்டாம். படம் எடுக்க வேண்டாம். முகநூலில் ஒரு முகம் வந்துவிட்டால் ஊரில் இருக்கும் அவருடைய தாய் வீட்டுக்கு யாராவது போய் விசாரிக்கக்கூடும்.

படகில் சிங்களம் பேசுபவர்களும் இருப்பார்கள். அவர்களுக்குத் தமிழ்த் தொண்டரை மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். சிங்களம் தெரிந்தவரைத் தேடுங்கள், சோற்றுத் தட்டை மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக வையுங்கள்.

படி 3: காலக்கெடுவை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்

எல்லையிலேயே புகலிடம் கேட்டால், அந்தக் கோரிக்கைக்கு அறவே அடிப்படை இல்லையா என்பதை மட்டும் ஒஃப்ரா பார்க்கும். அகதிகளுக்கும் நாடற்றவர்களுக்கும் பாதுகாப்பளிக்கும் பிரெஞ்சு அலுவலகம் அது. அனுமதி மறுத்தால் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக 48 மணி நேரம்தான். உள்ளே விட்டால் பிரிஃபெக்சரில் (அரசின் மாவட்ட நிர்வாக அலுவலகத்தில்) பதிவு செய்ய எட்டு நாள் விசா கிடைக்கும். பதிவு முடிந்து சான்று கையில் வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் ஒஃப்ராப் படிவம் பிரெஞ்சில் நிரப்பிப் போய்விட வேண்டும்.

தேதியைத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். "21 நாள்" என்று எழுதாமல் கடைசித் தேதியையும் கிழமையையும் போடுங்கள்.

படி 4: பெயரும் மொழியும்

பெயரில் பிசகினால் பிறகு மாதக்கணக்கில் அலைய வேண்டும். ஈழத்தமிழர் தகப்பன் பெயரை முன்னால் போட்டுத் தன் பெயரைப் பின்னால் எழுதுவார்கள். குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. பிரெஞ்சுப் படிவமோ குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் சொந்தப் பெயருக்கு ஒரு கட்டமும் வைத்திருக்கும். தகப்பன் கந்தசாமி, மகன் ரவிச்சந்திரன் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் கந்தசாமி எந்த இடத்தில் இருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள், ஓர் எழுத்தும் மாறாமல். அடையாள அட்டையிலும் பிறப்புச் சான்றிதழிலும் எழுத்துக்கூட்டல் வேறாக இருந்தால், அந்த வேறுபாட்டைத் தனிக் குறிப்பாகப் படிவத்தோடு இணையுங்கள். நாமாகத் திருத்தி ஒன்றாக்கக் கூடாது.

எந்த மொழியில் விசாரணை வேண்டும் என்று பிரிஃபெக்சரில் கேட்பார்கள். பதட்டத்தில் "இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும்" என்று சொல்லிவிடுவார்கள். அங்கே சொன்ன மொழிதான் வழக்கு முடியும்வரை நிற்கும். தமிழ் என்றே சொல்லச் சொல்லுங்கள்.

படி 5: கேஸ் எழுதுவது

கேஸ் என்றால், ஊரை விட்டு ஏன் வந்தார் என்று ஒஃப்ராவுக்கு எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம். இந்த வேலைக்குத்தான் நாம் தேவை. அவசரப்படாமல் செய்ய வேண்டியதும் இதுதான். எழுதப் போகும் ஐந்தாறு பக்கங்களை வைத்துத்தான் பிறகு ஒஃப்ரா அதிகாரி கேள்வி கேட்பார். எழுதியதற்கும் வாயால் சொன்னதற்கும் முரண் வந்தால், உண்மையே சொல்பவர்கூட நம்பிக்கை இழந்துவிடுவார்.

ஓர் அறை, இருவர், கதவு சாத்தியிருக்கட்டும். கணவனையும் மனைவியையும் தனித்தனியாகக் கேளுங்கள். பெண்களுக்குப் பெண் தொண்டரே உட்காரட்டும். முதல் தடவை குறுக்கிடாமல் கேளுங்கள். இரண்டாம் தடவை எழுதுங்கள். மூன்றாம் தடவை தமிழில் வாசித்துக் காட்டுங்கள்.

மாதமும் தேதியும் பலருக்கு நினைவிருக்காது. "ஆமி வீட்டை வந்தது எப்ப?" என்று கேட்டால், "நல்லூர்க் கொடியேற்றத்துக்குப் பிறகு" என்பார்கள். அது நல்ல விடை. எந்த வருடம், அந்த வருடம் கொடியேற்றம் எந்த நாள் என்று பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பக்கத்தில் குறியுங்கள். அப்படியும் தெளியாவிட்டால் "ஆகஸ்ட் அளவில்" என்று எழுதுங்கள். சரியான தேதி ஒன்றைக் கற்பனையில் போட்டால், நேர்காணலில் அதுவே அவர் காலை வாரிவிடும்.

ஓர் இளைஞன் என்னிடம் கேட்டான்: "அக்கா, மற்ற ஆக்கள் எழுதினதையே நானும் எழுதினா விசா கிடைக்குமாம், உண்மையோ?"

"இல்லைத் தம்பி. உங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்லுங்கோ."

இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். யாரோ விற்ற கதை பத்துப் பேரின் கோப்பில் வரும்போது, உண்மையாகவே அடிபட்டவனின் கோப்பும் அவற்றோடு சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும். கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள். கஷ்டத்துக்கு வந்தவர் கஷ்டத்துக்கு வந்தேன் என்று சொன்னால், அதையும் அப்படியே. தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல.

அழுதால் பேனாவைக் கீழே வையுங்கள். உடம்பில் தழும்பு இருந்தால் காட்டச் சொல்லாதீர்கள். மருத்துவரிடம் போகலாம் என்று சொல்லி, போவதா வேண்டாமா என்ற முடிவைத் தழும்பு உள்ளவரிடமே விடுங்கள்.

படி 6: காத்திருக்கும் மாதங்கள்

பிள்ளைகளைப் பள்ளியில் சேருங்கள். 3 வயது முதல் 16 வரை கல்வி கட்டாயம். பெற்றோரின் விசா நிலை குறுக்கே நிற்காது. ஆறு மாதம் கடந்தும் ஒஃப்ரா முடிவு சொல்லாவிட்டால் வேலை அனுமதி கேட்கலாம். வாரம் இரண்டு நாள் பிரெஞ்சு வகுப்பு வையுங்கள். சந்தையிலும் பேருந்திலும் காதில் விழுவது இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல் என்பதால், அதிலும் நாலு வார்த்தை சொல்லிக் கொடுங்கள்.

நேர்காணல் அன்று ஒஃப்ராவே மொழிபெயர்ப்பாளரை வைக்கும். நீங்கள் போய் மொழிபெயர்க்க முடியாது. வழக்கறிஞரோ, அங்கீகாரம் பெற்ற அமைப்பின் பிரதிநிதியோ கூட இருக்கலாம். ரீயூனியனில் இருப்பவருக்குத் திரை வழியாகவும் விசாரணை நடக்கும். மொழிபெயர்ப்பாளர் சொல்வது புரியாவிட்டால் உடனே அதைச் சொல்லலாம் என்று முன்கூட்டியே பழக்கிவிடுங்கள். மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவது நம்மவர் வழக்கம்.

படி 7: முடிவு வந்த நாளில்

அகதி அந்தஸ்து கிடைத்தால் பத்து வருட வதிவிட அட்டை, துணைப் பாதுகாப்பு (அகதி அந்தஸ்துக்குப் பொருந்தாவிட்டாலும் ஊர் திரும்பினால் ஆபத்து உள்ளவருக்குக் கொடுப்பது) என்றால் நான்கு வருடம். நிராகரித்தால், புகலிட உரிமைக்கான தேசிய நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய அடிப்படைக் கெடு ஒரு மாதம். ஆனால் இலவச வழக்கறிஞர் கேட்கும் விண்ணப்பம் முடிவு கிடைத்த 15 நாளுக்குள் போக வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். கடிதத்தையும் உறையையும் எறியாமல், தேதி தெரிகிற மாதிரி படம் பிடித்து, அன்றைக்கே அமைப்பின் சட்ட உதவிக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.