நுண்குமிழி எக்கோ: சராசரி எடுக்கும் முன் மடக்கையை அவிழுங்கள்

எக்கோவில், அதாவது இதய மீயொலிப் படங்களில், இதயத்தசையின் ரத்த ஓட்டத்தைக் கணக்கிடுவது எப்படி என்று டர்பனில், சாட்ஸ்வர்த் வீட்டுச் சமையலறை மேசையில் மூன்று வாரம் முட்டி மோதிய பிறகு எழுதுகிறேன். பைத்தானில் ஒரு படத்தைத் திறக்கத் தெரிந்தவர்களுக்கானது. எதை எப்படி நிறுவுவது என்பதற்குள் போகப்போவதில்லை.

சிவப்பணு அளவேயான வாயுக் குமிழிகளைச் சிரை வழியே செலுத்துவார்கள். அவை ரத்தக் குழாயை விட்டு வெளியேறுவதில்லை. பலமான மீயொலித் துடிப்பு ஒன்று இதயத்தசையிலுள்ள குமிழிகளை உடைத்துவிடும். பிறகு மெல்லிய ஒலியில், புதுக் குமிழிகள் வந்து சேரச் சேரத் தசை மறுபடி வெளுப்பதைப் படமெடுப்பார்கள். கடைசியில் எவ்வளவு வெளுத்தது என்பது நுண்குழாய்களிலுள்ள ரத்தத்தின் அளவைச் சொல்லும். எவ்வளவு விரைவாக வெளுத்தது என்பது அதன் வேகத்தை. இரண்டையும் பெருக்கினால் ஓட்டம். 1998இல் வெய், கௌல் குழுவினர் வகுத்த முறை இது. ஓய்வில் தசை நிரம்ப ஏறத்தாழ 5 நொடியாகும்.

படி 1. டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கோப்பு வடிவம்) கோப்பிலுள்ள நோயாளியின் பெயரை நீக்குங்கள். படத்தின் மேலேயே பொறித்த பெயரையும் கறுப்படியுங்கள். பலர் அதை மறந்துவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் தனிப்பட்ட தகவல்களைக் காக்கும் போபியா சட்டம் இருக்கிறது.

படி 2. இதயம் சுருங்கி முடியும் தருணத்துப் படங்களை மட்டும் பொறுக்குங்கள். பெரிய குழாய்களில் அப்போது ரத்தம் குறைவு. மூச்சில் நகர்ந்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துங்கள்.

படி 3. தசைக்குள் ஒரு பகுதியை வரையுங்கள். இதற்கு எனக்கு ஃபிஜி என்ற பட ஆய்வு மென்பொருள்தான் பிடிக்கும். கோடு இதய அறைக்குள் இம்மியளவு நுழைந்தாலும் அங்குள்ள வெளிச்சம் கணக்கைக் கெடுத்துவிடும்.

படி 4. என்னைக் கவிழ்த்த படி. பகுதியின் சாம்பல் மதிப்புகளை அப்படியே சராசரி எடுத்தேன். வளைவு அழகாக வந்தது. வேகம் மட்டும் நம்ப முடியாத அளவு கூடியிருந்தது. எக்கோ எடுக்கும் என் சித்தி மகள் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "டைனமிக் ரேஞ்ச் எவ்வளவு, அண்ணா?" என்று கேட்டாள். திரையில் காட்டப்படும் மிக மெல்லிய சமிக்ஞைக்கும் மிக வலுவானதற்கும் உள்ள இடைவெளி அது. படத்தின் ஓரத்தில் 60 டெசிபல் என்று எழுதியிருந்தது. மூன்று வாரமாக என் கண்ணில் படவே இல்லை.

கருவி சமிக்ஞையை மடக்கையில் சுருக்கித்தான் திரைக்கு அனுப்புகிறது. 60 டெசிபலை 0 முதல் 255 வரை விரித்தால் 85 சாம்பல் படிகள் 20 டெசிபல், அதாவது ஒலிச் செறிவில் 100 மடங்கு. ஒரு புள்ளி 0, பக்கத்துப் புள்ளி 170 என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரடிச் சராசரி 85. அதற்குரிய செறிவு 100. மடக்கையை அவிழ்த்தால் அவை 1, 10,000. சராசரி ஏறக்குறைய 5,000. ஐம்பது மடங்கு பிழை!

ஆகவே ஒவ்வொரு புள்ளியின் மதிப்பையும் 255ஆல் வகுத்து 60ஆல் பெருக்குங்கள். வருவதைப் பத்தால் வகுத்து, 10இன் அடுக்காக்குங்கள். அதன் பிறகே சராசரி. 255ஐத் தொட்ட புள்ளிகள் பகுதியில் நிறைய இருந்தால் அந்தப் பதிவையே விட்டுவிடுங்கள்; வெட்டுப்பட்ட தகவல் திரும்பி வராது.

படி 5. குமிழி உடைந்ததற்கு அடுத்த முதல் படத்தின் செறிவை மற்றவற்றிலிருந்து கழியுங்கள். பிறகு சைபையில் (பைத்தானின் அறிவியல் கணக்கு நூலகம்) இந்த வளைவைப் பொருத்துங்கள்:

செறிவு = அ × (1 − எக்ஸ்ப்(−பீட்டா × நேரம்))

அ என்பது உச்ச வெளுப்பு, பீட்டா வேகம். எக்செலில் செய்யலாம்தான், நான் செய்யமாட்டேன். மின்வெட்டு அட்டவணை பார்த்து வாழ்ந்த நாட்களின் பழக்கம், ஒவ்வொரு படியின் விளைவையும் தனிக் கோப்பாகச் சேமித்துவிடுகிறேன்.

பின்சேர்க்கை: பீட்டா 0.4 வருகிறதே, அதே பதிவில் உங்களுக்கு மட்டும் நொடிக்கு 0.5 எப்படி என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நேரத்துக்குப் பதில் பட எண்ணைப் போட்டிருக்கிறார். துடிப்புக்கு ஒரு படம், நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் இடைவெளி 0.8 நொடி, 0.4ஐ அதால் வகுத்தால் 0.5. துடிப்பு சீராக இல்லாதவரிடம் இந்த வகுத்தலும் உதவாது. ஒவ்வொரு படத்தின் நேரத்தையும் கோப்பிலிருந்தே எடுங்கள்.