சின்ன ஏர்லைன் ஆரம்பிக்கறவங்க பண்ற தப்புகள் (நானும் பண்ணதுதான்)

போன மாசம் ரெண்டு தம்பிங்க லேப்டாப்ப தூக்கிட்டு வந்தாங்க. பழைய ஏடிஆர் (சின்ன ப்ரொப்பெல்லர் ப்ளேன்) ஒண்ண லீஸுக்கு எடுத்து முதல்ல சார்ட்டர், அதாவது முழு ப்ளேனையும் ஒரே பார்ட்டிக்கு வாடகைக்கு ஓட்றது, கொஞ்சம் புடிச்சதும் டெய்லி ப்ளைட் விடறதுன்னு ப்ளான். எக்செல் ஷீட்ட பாத்ததும் எனக்கு வயித்த கலக்கிடுச்சு, பல வருஷம் முன்னாடி நான் போட்ட ஷீட்டே தான் அது. பர்மிட் லேட்டாகும், பைலட் கிடைக்க மாட்டாங்கங்கறதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விடுங்க.

காலி ரிட்டர்ன மறக்கறது

சார்ட்டர்ல போறப்ப ஆளு, வர்றப்ப காத்து. ரெண்டுக்கும் சேத்து ரேட் சொல்லுங்க.

சீட்டும் எடையும் பாக்காம ப்ளேன் புடிக்கறது

80 சீட்டுக்கு கீழன்னா அப்ப ஏர்போர்ட்ஸ் அதாரிட்டி ஏர்போர்ட்ல லேண்டிங் சார்ஜ் கிடையாது, 40 டன்னுக்கு கீழன்னா ப்யூல் வரி வெறும் 4%. சென்னைல இருந்து பாரமவுண்ட் ஏர்வேஸ் 2005ல எம்ப்ராயர் ஜெட்ட இறக்கி எல்லா சீட்டும் பிசினஸ் கிளாஸ்னு ஓட்டினாங்களே, இந்த சலுகைய நம்பித்தான். நல்ல மூளைதான். 2010ல அவங்களும் லீஸ் தகராறுல நின்னாங்க.

லீஸ்னா மாச வாடகை மட்டும்னு நினைக்கறது

இத இன்னைக்கு நினைச்சாலும் எரிச்சல் வருது. வாடகை போக மெயின்டனன்ஸ் ரிசர்வ்னு ஒண்ணு இருக்கு, பின்னாடி வர்ற பெரிய ரிப்பேருக்கு முன்கூட்டியே சேக்கற காசு, எஞ்சின் ஓடற ஒவ்வொரு மணிக்கும், ஒவ்வொரு லேண்டிங்குக்கும் தனித்தனியா கட்டணும், அதுவும் டாலர்ல. டிக்கெட் விக்கறது ரூபாய்ல. 2013 மே மாசம் 55 கிட்ட இருந்த டாலர் ஆகஸ்ட்ல 68ஐ தாண்டிடுச்சு, டிக்கெட் விலைய அப்படி ஏத்த முடியுமா?

நாங்க என்ன பண்ணோம்னா ரிசர்வுக்கு வச்ச காச எடுத்து சம்பளமும் ப்யூலும் போட்டோம். ப்யூல்காரன் கேஷ் பாத்தாதான் ப்யூல் லாரி அனுப்புவான், லெஸ்ஸர் (ப்ளேன லீஸுக்கு விட்டவன்) எங்கயோ அயர்லாந்துல இருக்கான், மெயில்தான போடுவான்னு ஒரு தைரியம். ஒருநாள் விடிகாலைல இன்ஜினியர் டார்ச் அடிச்சு காட்டறாரு, ப்ரொப்பெல்லர் ப்ளேடு ஓரத்துல விரல் நகம் அளவுக்கு வெட்டு, லிமிட்ட தாண்டிடுச்சு. லெஸ்ஸர்கிட்ட மாத்து ப்ளேடு கேட்டா பழைய பாக்கிய கட்டுங்கன்னுட்டாங்க. பதினோரு நாள் நின்னுச்சு. ப்ளேன் நின்னாலும் வாடகை மீட்டர் நிக்காதுல்ல. கவுண்டர்ல ஒரு பாட்டி, பேத்தி கல்யாணம், புடவை பையை மடில வச்சுக்கிட்டு "சாயங்காலமாவது போயிடுமாப்பா"ன்னு கேட்டாங்க. போயிடும் பாட்டின்னு சொன்னேன். பொய்.

அப்பல்லாம் ப்ளேன திரும்ப எடுக்க லெஸ்ஸர் கோர்ட்டுக்கு அலையணும். 2015ல ரூல் மாறிடுச்சு. லீஸ் போடறப்ப ஐடெரான்னு ஒரு பேப்பர்ல நாமளே கையெழுத்து போட்டு குடுக்கறோம், அத டிஜிசிஏகிட்ட (விமானங்கள கண்காணிக்கற அரசு அமைப்பு) லெஸ்ஸர் நீட்டினா அஞ்சு வேலை நாள்ல ப்ளேனோட பதிவு ரத்து. பெங்களூர்ல ஏர் பெகாசஸ் 2015 ஏப்ரல்ல பறக்க ஆரம்பிச்சு 2016 ஜூலைல நின்னதும் லீஸ் பாக்கிலதான்.

அட்வான்ஸ் புக்கிங் காசு

உங்க காசு இல்ல. தொடாதீங்க.

ஒரே ப்ளேன வச்சு டைம்டேபிள் போடறது

வேணாம்.

தம்பிங்ககிட்ட ஷீட்ல ரிசர்வுக்கு கட்டம் எங்கப்பான்னு கேட்டேன். "அது ரெண்டாவது வருஷம் சேத்துக்கலாம் சார்"னான் சின்னவன்.