முதுகுத்தண்டில் அடிபட்டவருக்கு இழப்பீடு கேட்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

மருத்துவமனையில் முதலில் கேட்பது "எப்படி அடிபட்டது?" என்பதுதான். பதற்றத்தில் உறவினர் ஒருவர் "பைக்கிலிருந்து விழுந்துவிட்டார்" என்கிறார். விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறிவிடுகிறது. லாரி மோதித்தான் விழுந்தார் என்பது அதில் இல்லாவிட்டால், இன்சூரன்ஸ் தரப்பு பிற்பாடு அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொள்ளும். மோதிய வண்டியைச் சொல்லுங்கள். பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

திருச்சிப் பக்கம் நடந்த விபத்துக்கு அங்கே போய் யார் அலைவது என்று தேவகோட்டையிலும் பள்ளத்தூரிலும் தள்ளிப்போடுகிறார்கள். அலைய வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்திலேயே மனு கொடுக்கலாம். ஆனால், 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் இதற்கு ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. கெடு தாண்டியிருந்தாலும் வழக்கறிஞரைக் கேட்காமல் கைவிட்டுவிடாதீர்கள்.

என்னை மிகவும் வருத்துவது, கணக்கில் நடக்கும் தவறு. மருத்துவமனை பில்களைக் கட்டிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப்புண். இரவும் அப்படித்தான். சிறுநீர்க்குழாய், துடைத்துவிடுவது, தூக்கி உட்காரவைப்பது எல்லாம் மனைவியின் தலையிலோ தாயின் தலையிலோ விழுகிறது. "வீட்டு ஆள்தானே பார்க்கிறாள்" என்று மனுவில் அதற்கு ஒரு ரூபாய்கூடக் கேட்பதில்லை. இது பெரும் அநியாயம். 12 வயதில் அடிபட்ட ஒரு சிறுமியின் வழக்கில், 2020இல் உச்ச நீதிமன்றம் மாதம் ஐயாயிரம் ரூபாய் வீதம் இரண்டு பராமரிப்பாளர்களுக்குக் கணக்கிட்டு, அதன் ஆண்டுத் தொகையை 18ஆல் பெருக்கி 21,60,000 ரூபாய் கொடுத்தது. நம் பக்கத்து வீடுகளில் திண்ணைப் படியும் நிலைவாசலும் சக்கர நாற்காலியை உள்ளே விடாது. சாய்தளம் கட்டும் செலவையும் எழுதுங்கள்.

ஊனச் சான்றிதழில் உள்ள சதவீதமே வருமான இழப்பின் அளவு என்று ஒப்புக்கொள்வதும் தவறு. கல்யாண வீடுகளில் அடுப்படியில் நின்றே பிழைத்த சமையல் மேஸ்திரிக்குச் சான்றிதழ் 60 சதவீதம் என்று சொல்லலாம். அவருடைய பிழைப்பு முழுவதுமே போய்விட்டது. செய்த தொழிலை வைத்துத்தான் இழப்பை அளக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே சொல்லிவிட்டது. சம்பளச் சீட்டு இல்லையே என்று தயங்க வேண்டாம். முன்பணம் எழுதிய நோட்டு, வேலைக்கு அழைத்த வீட்டாரின் சாட்சியம் இரண்டும் உதவும்.

வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கிடைக்கும் தொகையில் பங்கு பேசும் தரகரை நம்பாதீர்கள். இழப்பீட்டில் பங்கு கேட்பது வழக்கறிஞர்களுக்கே பார் கவுன்சில் விதிகளில் தடை செய்யப்பட்டது. மாற்றுத்திறனாளிக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். காரைக்குடிப் பக்கத்தவர்கள் சிவகங்கை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமும், பொன்னமராவதிப் பக்கத்தவர்கள் புதுக்கோட்டையிலும் மனு கொடுக்கலாம்.